பதினோரு ஆண்டுகள் கையோடு இருந்த மவுஸ்

பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே மவுஸைப் பயன்படுத்தி வருகிறேன். கம்பியுள்ள, மிகச் சாதாரணமான ஆப்டிகல் மவுஸ்தான். ஆனால் என் உள்ளங்கைக்கு அதுபோல வேறெதுவும் பொருந்தியதில்லை.

ஆறாம் ஆண்டில் முதல் கோளாறு தலைகாட்டியது. ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொண்டது; இழுத்துச் செல்லும் கோப்பு பாதி வழியில் நழுவி வேறொரு கோப்புறைக்குள் விழுந்தது. வேறு கணினியில் செருகியும் அதே நிலைதான் என்பதால், குறை மவுஸுக்குள்ளேயே இருப்பது உறுதியாயிற்று.

அடிப்பக்கத்தில் திருகாணி எதுவும் தென்படவில்லை. வழுக்குப் பட்டைகளை மெல்ல நெம்பி எடுத்தபோது அவற்றின் அடியில் இரண்டு ஒளிந்திருந்தன. இடது பொத்தானுக்குக் கீழே, கடுகளவு வெள்ளைக் குமிழுடன் இருக்கும் மைக்ரோ சுவிட்ச்சின் மூடியைத் திறந்தால், உள்ளே வளைந்த மெல்லிய செம்புத் தகடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது 'டக்'கென்று தாவித் தொடுமுனையில் அமர வேண்டும். விறைப்பு தளர்ந்து, தொடுமுனையில் கருமை படிந்துவிட்டால், தகடு நடுங்கி நடுங்கித்தான் அமர்கிறது. அந்த நடுக்கத்தையே கணினி இரண்டாவது அழுத்தமாக எண்ணிக்கொள்கிறது. இத்தகைய சுவிட்ச்சுகளுக்கு 50 லட்சம், 1 கோடி, 2 கோடி அழுத்தங்கள் என்றெல்லாம் ஆயுள் குறிப்பிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையை எட்டும் முன்பே கோளாறு வந்துவிடுவதும் உண்டு.

தகட்டைச் சற்று வளைத்து விறைப்பேற்றியது நான்கு மாதங்களுக்கு மட்டுமே தாங்கியது. பிறகு, அதிகம் தேயாத வலது சுவிட்ச்சைச் சால்டரிங் அயர்ன் கொண்டு கழற்றி இடப்பக்கம் பொருத்தினேன்; வலப்பக்கத்துக்குப் புதிய சுவிட்ச் ஒன்றை வைத்தேன். சுவிட்ச்சுக்கு மூன்றே கால்கள்தான், ஆனால் பழைய ஈயத்தை முழுவதும் உறிஞ்சி எடுக்காமல் இழுத்தால் மின்சுற்றுப் பலகையின் செம்புத்தடம் உரிந்து வந்துவிடும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது. அன்று மாற்றியவை இன்றும் பிசகாமல் வேலை செய்கின்றன.

பிசுபிசுத்துப்போன ரப்பர் பூச்சை ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தெடுத்தேன். மவுஸுக்குள் நுழையும் இடத்தருகே உள்ளுக்குள் அறுந்த கம்பியை, அறுந்த பகுதிவரை வெட்டி மீண்டும் இணைத்தேன்.

உணரியோ முதன்மைச் சில்லோ பழுதானால் மட்டுமே இதைப் பிரிவேன். அப்போதும் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவாகத்தான் ஒப்படைப்பேன். அதற்கு முன் அந்த இரண்டு சுவிட்ச்சுகளையும் கழற்றி எடுத்துக்கொள்வேன்.