கட்டடத்தை வரைய நீர்வண்ணமா, கறுப்புக் கிரேயானா?

கட்டடக் கலைஞர் ஜான் சோன் வடிவமைத்த பேங்க் ஆஃப் இங்கிலாந்து கட்டடத்தை ஓவியர் ஜோசப் கான்டி 1830-இல் நீர்வண்ணத்தில் தீட்டினார். கூரையை நீக்கி, அறைகளையும் முற்றங்களையும் மேலிருந்து காட்டுகிறார். அது இடிபாடா, பாதிக் கட்டுமானமா என்றே சொல்ல முடியவில்லை. நீர்வண்ணத்தில் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தாலும் தாளின் வெண்மை ஊடுருவி ஒளிர்கிறது. ஆனால் ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருக்க வேண்டும். பிழையைத் திருத்துவது கடினம்.

கிரேயானைத் தேய்த்தே நிழலாக்கலாம். நியூயார்க்கின் 1916 சட்டம் வானளாவிகளின் உருவத்துக்கு வகுத்த எல்லையைக் கட்டட ஓவியர் ஹியூ ஃபெரிஸ் 1922-இல் முதன்மையாக அதில்தான் வரைந்தார். மலைபோன்ற திரளைக் காட்ட அதுவே பொருத்தம். கல்லின் நிறமும் தெருவின் வெயிலும் தெரிய வேண்டுமா? தயங்காமல் நீர்வண்ணத்தையே எடுங்கள்.