மந்திரத்துக்கு விலை, காதலுக்குக் கணக்கு: மூன்று நாவல்கள்

மந்திரவாதி நினைத்ததெல்லாம் நடக்கும் என்றால் அந்தக் கதையில் பயப்பட ஒன்றுமில்லை. ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிடலாம். விண்கலம் எந்தக் கோளுக்கும் அரை நொடியில் போய்ச் சேர்கிறது, அதற்காக யாரும் எதையும் இழக்கவில்லை என்றால் அதுவும் அப்படித்தான். காதல் நாவலில் இதே நோய் வேறு உருவில் வரும். இரண்டு பேர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய தப்பெண்ணத்தை நானூறு பக்கத்துக்கு இழுப்பார்கள்.

ஆகவே ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை, காதல் மூன்றையும் நிறுக்க ஒரே படிக்கல் போதும். இந்த உலகத்தில் எது முடியாது? முடிவதற்கு என்ன விலை? அந்த விலையை யார் கொடுக்கிறார்கள்? வகைக்கு ஒன்றாக மூன்று நாவல்களை இந்தப் படிக்கல்லில் வைத்துப் பார்க்கலாம். மூன்றும் பழைய நாவல்கள், தேடினால் எளிதில் கிடைப்பவை. முதல் நாவலின் முடிவையும் கடைசி நாவலின் முடிவையும் இங்கே சொல்லவில்லை. நடுவில் வருவதன் முடிவு ஊரறிந்தது.

அர்சுலா கே. லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968இல் வந்தது. பத்தே அத்தியாயம், இருநூறு பக்க அளவில் சிறிய நாவல். காண்ட் தீவில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவனுக்கு மந்திரம் கைவருகிறது. ரோக் தீவிலுள்ள பள்ளிக்குப் போகிறான். சக மாணவனிடம் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்ற வீம்பில், இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அவளோடு சேர்ந்து பெயரில்லாத ஒரு நிழலும் உலகத்துக்குள் வந்துவிடுகிறது. அது வந்த வாசலை மூடியதில் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார். பையன் முகத்தில் தழும்புகளோடு பிழைக்கிறான். இவ்வளவும் நான்காம் அத்தியாயத்துக்குள் முடிந்துவிடுகிறது. மற்ற ஆறு அத்தியாயங்களும் அந்த ஒரு தவறின் கடன்.

இங்கே மந்திரம் என்றால் பெயர். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அது கட்டுப்படும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் லெ குவின் இந்த விதியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதில்தான் அருமை. பெயர்களைக் கற்பிக்கும் ஆசிரியர் தனிக் கோபுரத்தில் இருக்கிறார். மாணவர்கள் அங்கே பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். கடலைக் கட்டுப்படுத்த நினைப்பவனுக்கு ஒவ்வொரு விரிகுடாவின், ஒவ்வொரு முனையின், ஒவ்வொரு நீரோட்டத்தின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஆயுளும் அதற்குப் போதாது. அதனால் மந்திரவாதி தன் அருகில் இருப்பதை, முழுப் பெயர் தெரிந்ததை மட்டுமே ஆள முடியும். எல்லை படிப்பிலிருந்தே வந்துவிடுகிறது, ஆசிரியர் வெளியிலிருந்து வேலி போட வேண்டியதில்லை. நிழலுக்குப் பெயரில்லை என்பது ஏன் அவ்வளவு பெரிய ஆபத்து என்று இந்தக் கோபுரத்தைப் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சின்னச் சின்ன விதிகளும் இதே கட்டுக்கோப்போடு வருகின்றன. மந்திரத்தால் உண்டாக்கிய சோறு வயிற்றை ஏமாற்றும், உடம்புக்குப் பலம் தராது. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடத்தில் வறட்சி வரலாம். விலங்காக உருமாறியவன் அதிக நேரம் அப்படியே இருந்தால் தன்னை மறந்துவிடுவான். கரடி வடிவத்தில் மகிழ்ந்து திரிந்த ஒரு மந்திரவாதி கரடியாகவே ஆகி, சொந்த மகனைக் கொன்ற செய்தி நாவலில் சில வரிகளில் வந்து போகிறது. பிறகு நாயகன் பருந்தாகிப் பறக்கும்போது அந்த வரிகள் நினைவுக்கு வந்து நெஞ்சு பதறும்.

குறைகளும் உண்டு. பழங்கதை சொல்லும் தொனி இது, உரையாடல் குறைவு, பாத்திரங்களின் மனதுக்குள் அதிகம் போகாது. விறுவிறுப்பான பேச்சை எதிர்பார்ப்பவர்கள் ஐந்திலிருந்து ஏழாம் அத்தியாயம் வரை தொய்வடையக்கூடும். தீவுக்குத் தீவு தாவும் தனி நிகழ்ச்சிகள் அவை. ஆனால் ஐந்தாவதில் வரும் டிராகன் பேரத்தை மட்டும் மெதுவாகப் படிக்க வேண்டும். வாள் இல்லாமல் பேச்சிலேயே நடக்கும் சண்டை அது. பெண்களின் மந்திரம் கீழானது என்று அந்த உலகத்துப் பழமொழி சொல்கிறது, பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. இது உறுத்த வேண்டிய இடம்தான். 1990இல் வந்த நான்காம் நூலான 'தெஹானு'வில் லெ குவினே இந்தக் கணக்கைத் தீர்க்க உட்கார்ந்தார்.

வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. இந்த நாவலுக்கு வரைபடம் அவசியம். மின்னூல் கருவியின் சிறிய திரையில் தீவுப் பெயர்கள் படிக்க முடியாமல் போகும். அச்சுப் பிரதி நல்லது, இல்லையென்றால் வரைபடத்தைத் தனியாகப் பெரிதாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சார்ல்ஸ் வெஸ் ஓவியங்களோடு 2018இல் வந்த முழுத் தொகுப்பு அழகானது. ஆனால் கையில் பிடித்துப் படுத்துக்கொண்டு படிக்கக்கூடிய எடை இல்லை அது, மேசை வேண்டும். எர்த்ஸீ தொடரைப் படிக்கும் வரிசையில் ஒரே ஒரு சிக்கல்தான்: 2001இல் இரண்டு நூல்கள் வந்தன. 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' முதலில், 'தி அதர் விண்ட்' பிறகு. மாற்றிப் படித்தால் கடைசி நாவலில் வரும் ஒரு முக்கியப் பெண் யார் என்றே பிடிபடாது.

காதலுக்கு ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்', 1813. இதைப் பற்றிச் சொல்லாதது எதுவும் மிச்சமில்லை என்பதால் நம் படிக்கல்லுக்கு வேண்டியதை மட்டும் பார்ப்போம். இது பணத்தைக் கூச்சமில்லாமல் எண்ணும் காதல் கதை. பென்னட் வீட்டின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. ஆனால் சொத்து ஆண் வாரிசுக்கே போகும்படி கட்டப்பட்டிருப்பதால், தந்தை போனால் ஐந்து பெண்களுக்கும் வீடு இல்லை. தாயின் காலத்துக்குப் பிறகு நாயகி எலிசபெத்துக்கு வரப்போவது 4 சதவீத வட்டியில் ஆயிரம் பவுண்டு, ஆண்டுக்கு 40 பவுண்டு. பெண் கேட்டு வந்தவனே இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறான். நாயகன் டார்சியின் வருமானம் 10,000. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு 34ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். அவன் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். மறுப்பின் எடை அப்போதுதான் தெரியும். அவள் தோழி 27 வயது ஷார்லட், பிடிக்காத ஒருவனை வீடு வேண்டும் என்பதற்காக ஏற்றுக்கொண்டதை ஏற்கெனவே 22ஆம் அத்தியாயத்தில் பார்த்திருக்கிறோம்.

தடை இங்கே இரண்டு பேரின் குணத்திலிருந்து வருகிறது. ஐந்து நிமிடம் பேசித்தான் பார்க்கிறார்கள், பேசியதால் இன்னும் மோசமாகிறது. 35இல் அவன் கடிதம், 36 முழுக்க அவள் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது. ஒரு பெண் தன் தீர்ப்பைத் தானே வரிவரியாகத் திருத்தும் அந்த அத்தியாயத்தை அவசரத்தில் தாண்டிவிட்டால் பின்பாதி வெறும் திருமண ஏற்பாடாகத் தோன்றும். டார்சி கொடுக்கும் விலையும் ரொக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எலிசபெத்தின் ஓடிப்போன தங்கையின் மானத்தைக் காப்பாற்ற, தான் வெறுக்கும் ஒருவனின் கடனுக்கு ஆயிரத்துக்கும் நிறையவே மேல், அவள் பெயருக்கு இன்னொரு ஆயிரம், அதற்கும் மேல் அவனுக்கு ராணுவப் பதவி. இவ்வளவும் எலிசபெத்துக்குத் தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் பெயர்கள். 'மிஸ் பென்னட்' என்றால் பெரும்பாலும் மூத்தவள் ஜேன். எலிசபெத்தைப் பெயரோடு சேர்த்து 'மிஸ் எலிசபெத்' என்பார்கள்; ஜேன் இல்லாத இடத்தில் அவளும் 'மிஸ் பென்னட்'தான். யார் பேசுகிறார் என்று சொல்லாமல் உரையாடல் நீளும் இடங்களில் விரல் வைத்து எண்ணத்தான் வேண்டும். சில பதிப்புகள் 61 அத்தியாயங்களையும் தொடர்ந்து எண்ணாமல் முதல் அச்சைப்போல மூன்று தொகுதியாகப் பிரித்திருக்கும். அவற்றில் 34ஆவது அத்தியாயம் இரண்டாம் தொகுதியின் பதினொன்று. காப்புரிமை எப்போதோ முடிந்த நூல் என்பதால் குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இனி, மூன்றில் மிகச் சிறந்தது. 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', 1969, அதே லெ குவின். அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதுகளும் பெற்றது. இது அறிவியல் புனைகதை அலமாரியில் இருந்தாலும், உள்ளே ஒரு காதல் கதையும் ஒரு பனிப்பயணமும் இருக்கின்றன. கெத்தன் என்ற உறைபனிக் கோளுக்கு ஜென்லி ஐ என்ற தூதன் தன்னந்தனியாக வருகிறான். எண்பது சொச்சம் உலகங்களின் கூட்டமைப்பில் சேர அழைப்பு விடுப்பது அவன் வேலை. செய்தி அனுப்ப அவனிடம் அன்சிபிள் கருவி இருக்கிறது. எவ்வளவு தொலைவானாலும் சொல் உடனே போய்ச் சேரும். உடம்பு போகாது. உடம்பு ஒளியின் வேகத்தை ஒட்டித்தான் பயணம் செய்ய முடியும், அதற்குள் ஊரில் தலைமுறை கடந்துவிடும். அவனைப் பெற்றவர்கள் எப்போதோ இறந்துவிட்டார்கள். சொல்லுக்குச் செலவில்லை, ஆளுக்கு ஓர் ஆயுள் செலவு. இந்த ஒரு விதியில் மொத்தத் தனிமையும் அடங்கியிருக்கிறது.

கெத்தன் மனிதர்கள் பெரும்பாலான நாட்கள் ஆணுமில்லை பெண்ணுமில்லை. 26 நாள் சுழற்சியில் 22 அல்லது 23ஆம் நாள் 'கெம்மர்' தொடங்கும். அப்போது இருவரில் ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் மாறுவார்கள். எது என்று முன்கூட்டித் தெரியாது. நான்கு பிள்ளை பெற்ற தாய் வேறு இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். எப்போதும் ஆணாகவே இருக்கும் தூதன் அவர்கள் கண்ணுக்கு ஒரு விகாரம். ஏழாம் அத்தியாயம் இதையெல்லாம் ஆய்வுக் குறிப்பாகத் தருகிறது. முதல் ஆறு அத்தியாயங்களில் குழப்பம் தாங்காதவர்கள் ஏழாவதை மட்டும் முன்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பி வரலாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை.

ஆனால் 2, 4, 9, 12, 17 ஆகிய அத்தியாயங்களைத் தாண்டக் கூடாது. கதைக்குச் சம்பந்தமில்லாத நாட்டார் கதைகள், புராணங்கள் போலத் தெரியும். பலர் சலித்துப் புத்தகத்தை மூடுவது இங்கேதான். எல்லாமே பிறகு வேண்டியவை. நான்காவதில் ஒரு பிரபு தான் எந்த நாளில் சாவேன் என்று குறி கேட்கிறான். மாதத்தின் பத்தொன்பதாம் நாள் என்று பதில் வருகிறது. எந்த மாதம், எந்த ஆண்டு என்று இல்லை. தப்பான கேள்விக்குச் சரியான பதில் என்ன செய்யும் என்று இதைப் படித்த பிறகுதான் ஐந்தாம் அத்தியாயத்தில் தூதன் குறி கேட்கும் காட்சி உறைக்கும். இரண்டாவதும் ஒன்பதாவதும் நாவலின் கடைசிவரை கூட வரும். நூலின் பின்னிணைப்பில் கெத்தன் நாட்காட்டி இருக்கிறது: மாதத்துக்கு 26 நாள், நாளுக்குப் பத்து மணி. அங்கே ஒரு காகிதத்தைச் செருகி வையுங்கள். கர்ஹைட் நாட்டில் நடப்பு ஆண்டு எப்போதுமே ஆண்டு ஒன்றுதான். மற்ற ஆண்டுகளை அதிலிருந்து முன்னும் பின்னுமாக எண்ணுவார்கள்.

எட்டு, பத்து, பதினொன்று ஆகியவை ஒர்கொரெய்ன் நாட்டு அரசியல். பெயர்கள் அதிகம், அசைவு குறைவு. அதைப் பொறுத்துக்கொண்டால் பதினைந்தாவதிலிருந்து பனிப்பாறை தொடங்குகிறது. தூதனும், நாடு கடத்தப்பட்ட முன்னாள் பிரதமர் எஸ்டராவனும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு சுமார் எண்பது நாள் நடக்கிறார்கள். உணவு நாள் கணக்கில் அளந்து வைக்கப்படுகிறது. ஒரே அடுப்புதான் கூடாரத்துக்கு வெப்பம், வெளிச்சம், சமையல் எல்லாம். அதை எவ்வளவு சூடாக வைப்பது என்பதில் குளிருக்குப் பழகிய உடம்புக்கும் பழகாத உடம்புக்கும் தகராறு வந்து ஒரு நடுநிலைக்கு இறங்குகிறார்கள். நிழலே விழாத வெண்மையில் தரை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல் நடை நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு நாவலில் நிழலிடமிருந்து ஓட வைத்தவர், இதில் நிழல் இல்லாமல் நடக்க முடியாது என்று காட்டுகிறார். ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் கிடைக்கும் பரிசு இது.

நூலின் பெரிய குறை ஆங்கிலச் சுட்டுப்பெயர். ஆணுமில்லாத பெண்ணுமில்லாத எஸ்டராவனை நாவல் முழுக்க ஆண்பால் சொல்லால் குறிக்கிறது. அதனால் கண்ணுக்குள் ஓர் ஆண்தான் நடக்கிறார். லெ குவின் இதை முதலில் நியாயப்படுத்தினார், பிறகு அது தவறு என்று ஏற்றுக்கொண்டார். இதே கோளில் நடக்கும் 'விண்டர்ஸ் கிங்' சிறுகதையை 1975 தொகுப்பில் பெண்பால் சொல்லுக்கு மாற்றினார்.

தமிழில் இந்தக் கதையைச் சொல்ல முயன்றால் முதல் பாதி சுலபம். 'அவர்' என்று எழுதிவிடலாம், 'வந்தார்', 'சிரித்தார்' என்று வினையும் பால் காட்டாமல் ஒத்துழைக்கும். அரசவையில், விருந்தில், சந்தேகத்தோடு பார்க்கும் காட்சிகளில் அந்த மரியாதைத் தொலைவு பொருந்தியே போகிறது. சிக்கல் கூடாரத்துக்குள் வருகிறது. எஸ்டராவனுக்குக் கெம்மர் வந்த இரவில், இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளாமல், பேச்சில் மட்டும் நெருங்கும் அந்தப் பக்கங்களில் 'அவர்' விறைப்பாக நிற்கும். நெருக்கத்துக்குத் தமிழ் கேட்பது அவன் அல்லது அவள். இரண்டுமே அந்த மனிதருக்குப் பொய். பதினெட்டாம் அத்தியாயத்தைப் படிக்கும்போது ஆங்கிலச் சொல்லை மனதுக்குள் ஒருமுறை 'அவர்' என்றும் ஒருமுறை பெயரை மட்டும் வைத்தும் மாற்றிப் பாருங்கள். பெயர் மட்டும் போதுமானதாக இருக்கும், ஏனென்றால் அதே இரவுகளில்தான் தூதன் எஸ்டராவனைத் 'தெரெம்' என்று முதல் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொள்கிறான்.