விலைக்கழிவில் எஸ்எஸ்டி: உங்கள் கணினிக்கு எது, எந்தக் கடையில்?

சிங்கப்பூரில் வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் நினைவகச் சில்லில் தரவைச் சேமிக்கும் வட்டு) வாங்கப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இரண்டு எண்கள்தான். ஒன்று, பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேகம். மற்றொன்று, பழைய விலைமேல் கோடு கிழித்துக் காட்டும் கழிவு விழுக்காடு. இந்த இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கணினியில் எந்த வகை வட்டு பொருந்தும், அதன் சில்லுக்குள் இருப்பது எந்த வகை நினைவகம், பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால், நவம்பர் 11-இல் வரும் 11.11 இணைய விற்பனை தொடங்கும் நள்ளிரவில் கைத்தொலைபேசியோடு காத்திருக்கத் தேவையில்லை.

சாட்டாவா, என்விஎம்இயா?

எஸ்எஸ்டியைக் கணினியோடு இணைக்கும் முறைகள் இரண்டு: பழைய சாட்டா, புதிய என்விஎம்இ. சாட்டா 3 இணைப்பின் உச்சம் விநாடிக்கு 6 கிகாபிட். நடைமுறையில் அது 550, 560 எம்பி அளவில் நின்றுவிடும். எம்.2 என்ற மெல்லிய அட்டை வடிவத்தில் வரும் என்விஎம்இ வட்டுகள் மதர்போர்டின் பிசிஐஇ என்ற வேகப் பாதையில் ஓடுவதால், மூன்றாம் தலைமுறையில் 3,500 எம்பி, நான்காம் தலைமுறையில் 7,000 எம்பிக்கு மேல் என்று போகின்றன. ஐந்தாம் தலைமுறை 14,000-ஐயும் தொட்டுவிட்டது. எண்களை மட்டும் அடுக்கினால் சாட்டா பரிதாபமாகத் தெரியும்.

ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் கணினியை மெதுவாக்குவதற்குக் காரணம் இந்த எம்பி கணக்கு அல்ல. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்கும் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஹார்ட் டிஸ்க்கின் ஊசி நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். அதனால் விநாடிக்கு நூறு தேடல் என்ற அளவிலேயே அது திணறுகிறது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையைப் பல்லாயிரக்கணக்கில் செய்யும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினால் வீட்டில் எல்லாரும் உணர்வார்கள். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால், பிள்ளையின் வீட்டுப்பாடம், வங்கிக் கணக்கு, யூடியூப் அளவில் புழங்குபவர்களுக்கு வித்தியாசம் தெரிவதே கடினம். பெரிய காணொளிக் கோப்புகளை வெட்டி ஒட்டுபவர்களுக்கும், நூறு ஜிபிக்கு மேல் போகும் விளையாட்டுகளை அடிக்கடி நகர்த்துபவர்களுக்கும்தான் அந்தக் கூடுதல் வேகம் கைக்கு எட்டும்.

அப்படியானால் சாட்டாதான் வாங்க வேண்டுமா? அதுவும் இல்லை. எம்.2 இடம் உள்ள கணினிக்கு என்விஎம்இ வாங்குவதே சரி. ஒரே கொள்ளளவில் மலிவான என்விஎம்இயும் நல்ல சாட்டாவும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்துவிட்ட காலம் இது. தரவுக் கம்பி, மின்கம்பி என்று தனியாகத் தேட வேண்டிய தொல்லையும் இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துண்டுகளில் ஒன்று சாட்டாவாகவும் மற்றது என்விஎம்இயாகவும் இருக்கலாம். சில மடிக்கணினிகளின் எம்.2 இடம் சாட்டாவை மட்டுமே ஏற்கும். இன்டெல் 9 வரிசை மதர்போர்டுகள் வந்த 2014-க்கு முந்திய மேசைக் கணினிகள் பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து விண்டோஸைத் தொடங்காது. மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் சேமிப்பகப் பகுதியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடைக்காரர் ஊகத்தில் சொல்லும் பதிலை நம்பிப் பெட்டியைப் பிரித்துவிட்டால், பல கடைகளில் அதைத் திருப்பித் தர முடியாது.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்குவதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். அந்த வரம்புக்கு வெளியே நிற்கும் கணினிக்கு விலையுயர்ந்த வட்டு போடுவது வீண் செலவு. லினக்ஸ் போட்டு ஓட்டப் போகிறீர்கள் என்றால், அடக்கமான ஒரு சாட்டா போதும். கணினி ஓய்ந்த பிறகு அதே வட்டை யூஎஸ்பி உறைக்குள் போட்டு வெளி வட்டாக வைத்துக்கொள்ளலாம்.

மலிவுக்குள் ஒளிந்திருப்பது

உண்மையான ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது. டிஎல்சி வகைச் சில்லு ஓர் அறையில் 3 பிட்டுகளை வைக்கும்; கியூஎல்சி 4 பிட்டுகளை அடைக்கும். அதே சிலிக்கானில் கூடுதல் இடம் கிடைப்பதால் கியூஎல்சி மலிவு. ஆனால் எழுதும் வேகம் குறையும், தேய்மானமும் சீக்கிரம் வரும். இதை மறைக்க, தயாரிப்பாளர்கள் வட்டின் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக ஒதுக்குகிறார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எழுதும் வேகம் அந்தப் பகுதியின் வேகம்தான்.

அந்த இடம் நிரம்பினால் என்ன ஆகும் என்பதைச் சாம்சங்கின் இரண்டு சாட்டா வட்டுகளை வைத்தே பார்க்கலாம். 870 ஈவோ டிஎல்சி, 870 கியூவிஓ கியூஎல்சி. 1 டிபி கியூவிஓவில் அந்தத் தற்காலிக இடம் அதிகபட்சம் 42 ஜிபி. அது நிரம்பியதும் எழுதும் வேகம் விநாடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும் என்று சாம்சங்கின் விவரத்தாளே சொல்கிறது. வேகமான ஒரு வட்டிலிருந்து 100 ஜிபி திருமணக் காணொளியை இதில் படியெடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். மீதி 58 ஜிபிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதே வேலையை ஈவோ மூன்று நிமிடத்தை ஒட்டி முடித்துவிடும். 80 எம்பி என்பது இன்றைய ஹார்ட் டிஸ்க் பலவற்றைவிடக் குறைவு. வட்டு நிரம்ப நிரம்ப அந்த 42 ஜிபியும் சுருங்கும்.

அதற்காகக் கியூஎல்சியை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. படங்களைச் சேர்த்து வைக்கும் இரண்டாவது வட்டாக, அதிகம் படித்துக் குறைவாக எழுதும் வேலைக்கு, அது நன்றாகவே பொருந்தும். விண்டோஸ் உட்காரும் முதன்மை வட்டுக்கு மட்டும் டிஎல்சி கேட்டு வாங்குங்கள்.

என்விஎம்இ பக்கம் வந்தால், ஒரே விலைத்தட்டில் அடிக்கடி மோதிக்கொள்ளும் மூன்று பெயர்கள்: டபிள்யூடி புளூ எஸ்என்580, குருஷியல் பி3, கிங்ஸ்டன் என்வி2. எஸ்என்580 டிஎல்சி, 1 டிபிக்கு 600 டிபிடபிள்யூ (இதன் பொருள் கீழே), ஐந்தாண்டு உத்தரவாதம். பி3 கியூஎல்சி, 220 டிபிடபிள்யூ, அதுவும் ஐந்தாண்டு. என்வி2-க்கு 320 டிபிடபிள்யூ, மூன்றாண்டு. என்வி2-இல் எந்தச் சில்லு இருக்கும் என்று கிங்ஸ்டன் உறுதி கூறுவதில்லை. ஒரே பெயரில் வந்த வட்டுகளில் டிஎல்சியும் இருந்திருக்கிறது, கியூஎல்சியும் இருந்திருக்கிறது. மூன்றும் பத்து வெள்ளி இடைவெளிக்குள் இருந்தால் நான் எஸ்என்580-ஐத்தான் எடுப்பேன். என்வி2 வெகுவாக விலை குறைந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

டிபிடபிள்யூ என்பது உத்தரவாதத்துக்குள் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாளுக்கு 20 ஜிபி எழுதினால்கூட ஆண்டுக்கு 7.3 டிபிதான். பி3-இன் 220 டிபிடபிள்யூவைக் கரைக்கவே முப்பது ஆண்டு ஆகும். வீட்டு வட்டுகள் எழுதி எழுதித் தேய்ந்து சாவது அரிது. கட்டுப்பாட்டுச் சில்லோ மென்பொருளோ பழுதாகித் திடீரென்று போகின்றன. ஆகவே டிபிடபிள்யூவைவிட உத்தரவாதத்தின் ஆண்டுக் கணக்குக்கு மதிப்பு கூடுதல். மூன்றாண்டு வட்டுக்கும் ஐந்தாண்டு வட்டுக்கும் இடையே சில வெள்ளிதான் வித்தியாசம் என்றால் ஐந்தாண்டே எடுங்கள்.

டிராம், அதாவது எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைக்க வட்டுக்குள் இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம் பற்றியும் ஒரு வார்த்தை. என்விஎம்இ வட்டில் தனி டிராம் இல்லாவிட்டாலும் கணினியின் நினைவகத்தில் சிறிது கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டாவுக்கு அந்த வசதி இல்லை. அதனால் சாட்டா வாங்குபவர்கள் டிராம் உள்ளதைத் தேடுவது நல்லது. குருஷியலில் எம்எக்ஸ்500-க்கு உண்டு, பிஎக்ஸ்500-க்கு இல்லை.

சாம்சங் 990 ப்ரோ, டபிள்யூடி பிளாக் எஸ்என்850எக்ஸ் ஆகியவை முறையே 7,450, 7,300 எம்பி வேகத்தில் படிக்கும் அருமையான வட்டுகள். ஆனால் வீட்டுக் கணினிக்கு அந்தப் பணத்தை 1 டிபிக்குப் பதில் 2 டிபி வாங்கச் செலவிடலாம். ஐந்தாம் தலைமுறையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

குருஷியல் பெயரை எடுத்ததால் இதையும் சொல்ல வேண்டும். உட்லண்ட்ஸில் ஆலை வைத்து இங்கேயே சில்லு தயாரிக்கும் மைக்ரான், தனது குருஷியல் சில்லறை வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்ற பொருள்களின் உத்தரவாதம் தொடரும் என்றும் கூறியிருக்கிறது. கடைகளில் எஞ்சிய சரக்கு நல்ல விலைக்கு வந்தால் வாங்கலாம். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது?

தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டது. ஏறிய விலையில் இருபது விழுக்காடு கழிவு என்பது சில மாதங்களுக்கு முந்திய சாதாரண விலைக்கே சமமாக இருக்கக்கூடும். கழிவைக் கணக்கில் எடுக்காமல், ஒரு ஜிபிக்கு எத்தனை காசு என்று மட்டும் பாருங்கள். 500 ஜிபி 70 வெள்ளி, 1 டிபி 110 வெள்ளி என்று வைத்தால், முதலாவது ஜிபிக்கு 14 காசு, இரண்டாவது 11 காசு.

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேரின் மேல் மாடிகளில் கணினி உதிரிபாகக் கடைகள் அச்சிட்ட விலைப்பட்டியலே வைத்திருக்கின்றன. இரண்டு மூன்று கடைகளின் பட்டியலைச் சேர்த்துப் பார்த்தால் சந்தை விலை பிடிபட்டுவிடும். பட்டியல் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, அட்டையில் கட்டினால் கூடுதலாக எடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அங்கே கிடைக்கும் பெரிய நன்மை, பெட்டியில் உள்ளூர் விநியோகஸ்தரின் ஒட்டுத்தாள் இருப்பது. வட்டு போய்விட்டால் எந்த ஊருக்கும் அஞ்சல் அனுப்ப வேண்டாம். விநியோகஸ்தரின் சேவை நிலையத்துக்கே கொண்டு போகலாம்.

ஷாப்பி, லசாடா ஆகிய இணையக் கடைகளின் விற்பனை நாள்களில் கழிவுச்சீட்டுகளை அடுக்கினால் சிம் லிம்மைவிடக் குறையும் என்பது உண்மை. அங்கே தயாரிப்பாளரின் அதிகாரபூர்வக் கடையையோ உள்ளூர் விநியோகஸ்தரின் கடையையோ மட்டும் நாடுங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் வரி மிச்சம் என்ற பழைய கணக்கு இப்போது இல்லை. 2023 ஜனவரி 1 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் ஜிஎஸ்டி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. பெயரே கேள்விப்படாத நிறுவனத்தின் "16 டிபி" வெளி வட்டு முப்பது, நாற்பது வெள்ளிக்கு வந்தால் அது போலிதான். உள்ளே சிறிய நினைவக அட்டையை வைத்துக் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டியிருப்பார்கள். இதை நம்பிப் பேரப்பிள்ளைகளின் படங்களை எல்லாம் ஏற்றிவிட்டுப் பறிகொடுக்கும் முதியவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இங்குள்ள வணிகர்களிடம் வாங்கும்போது 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த "லெமன் லா" என்ற குறைபாட்டுப் பொருள் சட்டம் துணைக்கு நிற்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்த குறை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்; அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸை நாடலாம். 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் விசாரிக்கும். பழைய பொருள்களை விற்கும் கரோசெல் தளத்தில் தனிநபரிடம் வாங்கும் பழைய வட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படி வாங்குவதானால், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் காட்டும், வட்டில் இதுவரை எழுதிய மொத்த அளவு, ஓடிய மணிநேரம் இரண்டின் படத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய் வாங்குவது எனக்கு உகந்ததாகப் படவில்லை. 48 மணிநேரத்துக்குள் திரும்புபவர்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு 100 வெள்ளி மட்டுமே. பழுதானால் பாலத்தைத் தாண்டி மறுபடியும் போக வேண்டும்.

வாங்கி வந்த அன்றே சோதித்துவிடுங்கள். 1 டிபி வட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு என்பதால் அது குறை அல்ல. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பார்த்தால் போலி அகப்பட்டுவிடும். சாம்சங் என்றால் அவர்களின் மேஜிஷியன் மென்பொருளே அசலா என்று சொல்லும். இந்தச் சோதனைகளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். பிறகு குளோன்சில்லா என்ற படியெடுக்கும் மென்பொருள் கொண்டு பழைய வட்டைப் படியெடுங்கள். உத்தரவாதத்தில் வட்டைத்தான் மாற்றித் தருவார்கள், உள்ளே இருந்த படங்களைத் தரமாட்டார்கள். ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் சில வாரம் அலமாரியில் வைத்திருங்கள்.