கிண்டிக்குப் போக இரண்டு வழி

தண்டையார்பேட்டையில் என் மாடி டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள், பிளஸ் டூ தொடங்கியதும் தவறாமல் கேட்பது இது: "அண்ணா யுனிவர்சிட்டிக்கா, ஐஐடிக்கா, எதுக்கு மிஸ் தயார் பண்ணணும்?" இரண்டும் ஒரே சர்தார் படேல் சாலையில்தான் இருக்கின்றன. விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். உள்ளே நுழையும் வழிதான் வேறு.

அண்ணா பல்கலைக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது போயிற்று. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200க்குக் கட்-ஆஃப். கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணிதம் 96, இயற்பியல் 90, வேதியியல் 88 எடுத்த பெண்ணுக்கு 96 + 45 + 44, ஆக 185. அவள் கணிதத்தில் இன்னும் இரண்டு எடுத்தால் 187. அதே இரண்டை வேதியியலில் எடுத்தால் 186தான். தவிர, இயற்பியலிலும் வேதியியலிலும் 30 மதிப்பெண் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் வந்துவிடும். கணிதத்தில் 90ஐப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்துதான் சம்பாதிக்க வேண்டும். இது தெரியாமல் கடைசி மாதம் முழுக்க வேதியியல் சமன்பாடு மனப்பாடம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஐஐடிக்குப் போக எழுத வேண்டிய முதல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் வேறு ஜாதி. 75 கேள்வி, 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு 1 கழிப்பார்கள். "ஏதாவது எழுதிட்டு வா" என்று நாம் பழக்கி வைத்த பிள்ளைக்கு, தெரியாததை விட்டுவிட்டு நகரக் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆகும். ஜனவரி, ஏப்ரல் என்று இரண்டு வாய்ப்பு உண்டு. ஆனால் ஜனவரித் தேர்வு பள்ளியில் ரிவிஷனும் பிராக்டிகலும் நெருங்கும் நேரத்தில் வருகிறது. மெயினில் தேறிய முதல் இரண்டரை லட்சம் பேர்தான், ஐஐடி இடத்தை முடிவு செய்யும் இரண்டாவது தேர்வான அட்வான்ஸ்டு எழுதலாம். அதில் ஒரே நாளில் மும்மூன்று மணி நேரமாக இரண்டு தாள். மெயினைத் தமிழில் எழுதலாம், அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். கொருக்குப்பேட்டையில் தமிழ் மீடியத்தில் படிக்கும் பையனுக்கு இதை ஒன்பதாம் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சான்றிதழில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அண்ணா பல்கலைக்கு இடம் தரும் மாநிலக் கலந்தாய்வில் இடஒதுக்கீடு 69 சதவீதம், பிசிக்கும் எம்பிசிக்கும் தனித்தனிப் பங்கு. ஐஐடியில் இருவரும் சேர்ந்து மத்திய அரசின் 27 சதவீத ஓபிசி ஒதுக்கீட்டுக்குள். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் வாங்கியதுதான் வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவோடு ஒரு மே மாதம் இதற்காக இ-சேவை மையத்தில் நின்றிருக்கிறேன். பையன் கையில் ரேங்க் இருந்தது, அந்தக் காகிதம்தான் இல்லை.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாநிலக் கலந்தாய்வில் 7.5 சதவீதம் தனி இடம், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. வடசென்னையில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய என்பதால் ஜூன் மாதத்தில் இந்த ஏமாற்றத்தை அடிக்கடி பார்க்கிறேன். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படித்தான். அண்ணன் ஏற்கெனவே டிகிரி வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது.

பணத்தைப் பொறுத்தவரை ஐஐடி பயப்படுத்தும் அளவுக்கு இல்லை. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. மற்றவர்களில் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தாலும் அப்படியே, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. கசக்குவது நாலு வருஷக் கட்டணம் அல்ல, அதற்கு முந்தைய இரண்டு வருஷக் கோச்சிங்.

அதனால் நான் கட்-ஆஃப் பக்கம். ஆனால் கணக்கு நன்றாக வருகிற பிள்ளை மெயின் மட்டுமாவது எழுதட்டும். அட்வான்ஸ்டு இல்லாமலே மத்திய அரசுப் பொறியியல் கல்லூரியான திருச்சி என்ஐடி கிடைக்கலாம், அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. இப்போது என்னிடம் படிக்கும் பதினோரு பேரில் இரண்டு பேரை ஜனவரி மெயினுக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற ஒன்பது பேருக்கு இந்த வாரம் தொகைநுண்கணிதம்.