எண்ணெய்ப் புட்டியும் இரண்டு அம்புக்குறிகளும்: மூன்று நாள் வகுப்பு பற்றி

ஒரு சுகாதாரத் திட்டம் பலன் தந்ததா என்பதோடு நில்லாமல், எந்த வழியாகத் தந்தது என்று பிரித்தறியக் கற்பிக்கும் காரண இடையீட்டுப் பகுப்பாய்வு வகுப்புக்குச் சென்ற மாதம் மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் போயிருந்தேன். நீரிழிவுப் பதிவேடுகளோடு நாள் முழுதும் வேலை செய்கிறவள் என்பதால், பெரிய எதிர்பார்ப்போடுதான் போனேன்.

முதல் நாள் காலை ஆசிரியர் ஒரு சோயா எண்ணெய்ப் புட்டியை மேசைமேல் வைத்தார். மொரிஷியஸில் 1987இல் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது, பெரும்பாலும் பனை எண்ணெயாக இருந்த பங்கீட்டு எண்ணெய் முழுவதும் சோயாவாக மாற்றப்பட்டது. 1992க்குள் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7ஆகக் குறைந்தது. அம்மா காத்தோ பிமா என்ற மிளகாய் வடை பொரித்த எண்ணெய் அது. திட்டம், நிறைவுற்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால் என மூன்று பெட்டிகளை வரைந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி இட்டு, கொழுப்பின் வழியாக வந்த பங்கு மறைமுக விளைவு, மற்ற வழிகளில் வந்தது நேர்விளைவு என்று அவர் விளக்கியபோது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதாகத் தோன்றியது.

தெளிவாகவில்லை என்பதை இரண்டாம் நாள் காட்டியது. இந்த வகுப்பின் உயிர் அந்த நாள்தான். யாருக்குத் திட்டம் போய்ச்சேர வேண்டும் என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தாலும், வீட்டில் யார் எவ்வளவு கொழுப்பு உண்கிறார் என்பதை எந்தக் குலுக்கலும் தீர்மானிப்பதில்லை. ஆகவே கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ராலுக்குப் போகும் இரண்டாவது அம்புக்குறி எப்போதும் சந்தேகத்துக்குரியது. மேலும், அதே திட்டத்தால் புகைப்பழக்கமும் மாறியிருந்து, அது உணவையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்துத் தொட்டால், காரணவியல் ஆய்வாளர் ஜூடியா பேர்ல் 2001இல் வரையறுத்த இயல்பு விளைவுகளை, அதாவது இந்த நேர், மறைமுகப் பங்குகளை, வழக்கமான முறையில் கணக்கிடவே முடியாது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணெய் மாறியதால் ஒப்பிடுவதற்கு வேறு குழுவே இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

குறை மூன்றாம் நாளில் இருக்கிறது. விடுபட்ட காரணி ஒன்று எவ்வளவு வலுவாக இருந்தால் நம் முடிவு கவிழும் என்று சோதிக்கும் பயிற்சி கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாக முடிந்தது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் கட்டளைகளைத் தட்டினோமே தவிர, வந்த வரைபடத்தை வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறையை முன்பே பழகியவர்கள் தயங்காமல் சேரலாம். சேருகிறவர்கள் அந்தச் சோதனைக்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்கும்படி முதல் நாளே கேட்டுவிடுங்கள்.