மாரடைப்புக்குப் பின் ஆறு ஆண்டுகள்: தாங்குதிறன் பயிற்சியும் எடைப் பயிற்சியும் எனக்குச் செய்தவை

பள்ளி நாள்களிலிருந்து 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடி வந்தவன் நான். 47ஆம் வயதில் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சர்க்கரை நோய் தொடங்கியிருந்தது. ஓடுகிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாரடைப்புக்குப் பிந்தைய இந்த ஆறு ஆண்டுகளில், வாரத்துக்கு நான்கைந்து நாள் நடையும் சைக்கிளும், இரண்டு நாள் எடைப் பயிற்சியும், உடம்பு சரியில்லாத நாள்களைத் தவிர, விடாமல் செய்து வருகிறேன். இதே காலத்தில் எங்கள் வீட்டில் தங்கி 800 மீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகும் என் அக்கா மகளின் பயிற்சியையும் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். ஒரே முறையை நோயாளியும் வீராங்கனையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஒரே கூரையின் கீழ் பார்க்க முடிந்ததால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சுக்குத் தெம்பு வந்தது நடையால்தான். ஆனால் அன்றாட வேலைகள் எளிதானது எடைப் பயிற்சியைச் சேர்த்த பிறகே. இவ்விரண்டையும்விட எனக்குக் கடினமாக இருந்தது, கடிகாரத்தைப் பார்த்து உடம்பை விரட்டும் பழைய ஓட்டக்காரனின் பழக்கத்தை விடுவதுதான்.

மறுவாழ்வுப் பயிற்சி ஓர் ஆறு நிமிட நடைச் சோதனையுடன் தொடங்கியது. 30 மீட்டர் நீளமுள்ள நடைக்கூடத்தின் இரு முனைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள். ஓடக் கூடாது, மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. முதல் நாள் நான் நடந்தது 390 மீட்டர். நடுவில் ஒருமுறை சுவரில் கை வைத்து நின்றேன். ஒருகாலத்தில் 400 மீட்டர் சுற்றை ஒன்றேகால் நிமிடத்தில் முடித்தவனுக்கு அந்த எண் எப்படி இருந்திருக்கும் என்பதை ஓடியவர்கள் அறிவார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அது 475 ஆயிற்று. ஓராண்டு முடிவில் 540.

வீழ்ச்சி ஏன் அவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்கான விடையைப் பிற்பாடுதான் படித்தேன். 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து சோதித்தார்கள். உச்ச உழைப்பின்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு அவர்களுக்குக் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு மூப்பு செய்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பே பெரிது என்று தெரிந்தது. நான் மருத்துவமனையில் இருந்தது ஐந்து நாள்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, எழுந்து நடந்தால் என்ன ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஏழு வாரம் நாற்காலியே கதி என்று கிடந்தேன். என் தூரத்தைத் தின்றதில் மாரடைப்புக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பயத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இதய நோயாளிக்கு உழைப்பு உதவும் என்பது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்து நெஞ்சுவலியிலிருந்து ஏறக்குறையக் குணமான ஒருவரைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் எழுதியது 1802இலேயே அச்சில் வந்துவிட்டது.

பயிற்சியின் அளவை எப்படி அறிவது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். எனக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரை நாடித்துடிப்பைக் கட்டி வைத்துவிடும். எவ்வளவு முயன்றாலும் என் துடிப்பு 118ஐத் தாண்டியதில்லை. ஆகவே 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் என்னைப் போன்றவர்களுக்கு உதவாது. நோயில்லாதவர்களுக்கே அது பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் முன்பின்னாக இருக்கும் ஒரு தோராயம்தான். இது தெரியாமல் பின்னாளில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில், சுவரில் தொங்கிய அட்டவணையைக் காட்டி, என் வயதுக்கு 147 வரை துடிப்பை ஏற்றியாக வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் பிடிவாதம் பிடித்தார். மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். “அதெல்லாம் பழகிடும் சார்” என்றார். அன்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

அதற்கு மாற்றாக எனக்குக் கற்றுத் தந்தது, ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல். 6 முதல் 20 வரை எண்கள் உண்டு. 6 என்றால் முயற்சியே இல்லை, 11 லேசானது, 13 ஓரளவு கடினம், 15 கடினம், 20 என்றால் இனி முடியாது. ஏன் 6இல் தொடங்குகிறது என்று கேட்டேன். நல்ல உடல்நிலையுள்ளவரின் நாடித்துடிப்பைப் பத்தால் வகுத்தால் ஏறத்தாழ அந்த எண் வரும்படி அமைத்ததாகச் சொன்னார்கள். பிளாஸ்டிக் உறையிட்ட அந்த அட்டையை ட்ரெட்மில்லின் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள். 11க்கும் 13க்கும் இடையில் இருக்கச் சொல்வார்கள். நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டே “11” என்பேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப் பழகியவனுக்கு அது உண்மையிலேயே லேசானதாகத்தான் பட்டது. பிசியோதெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே, “சார், நேத்து ராத்திரி என்ன செஞ்சீங்கன்னு முழுசா ஒரு வாக்கியம் சொல்லுங்க” என்பார். மூன்றாவது சொல்லில் மூச்சு அறுந்துவிடும். “அப்ப இது 15” என்று வேகத்தைக் குறைத்துவிடுவார். பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிந்து பாட முடியாமல் இருந்தால் அது மிதமான உழைப்பு. என் உணர்வும் அட்டையின் எண்ணும் ஒத்துப்போக எனக்கு ஏறத்தாழ எட்டு மாதம் ஆயிற்று.

எடைப் பயிற்சியை ஐந்து வாரக் கண்காணிப்பு நடைக்குப் பிறகுதான் தொடங்கவிட்டார்கள். இரண்டு கிலோ டம்பெல், ரப்பர் பட்டை, நாற்காலி, அப்புறம் உட்கார்ந்தபடி காலால் எடையை உந்தும் லெக் பிரஸ் இயந்திரம், இவ்வளவுதான். ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியளவை வைத்து, 10 முதல் 15 முறை, ஒவ்வொன்றும் இரண்டு செட். தொடர்ந்து இரண்டு நாள் 15 முறையும் சிரமமில்லாமல் முடிந்தால் மட்டுமே அடுத்த எடை. இந்த ‘சிறிது சிறிதாகக் கூட்டுதல்’ ஓட்டக்காரர்களுக்கும் எடை தூக்குபவர்களுக்கும் புதிதில்லை. ஆனால் அதை முறைப்படுத்தியவர் ஒரு மருத்துவர் என்பது எனக்குப் புதிது. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களின் கால் தசையைத் தேற்றுவதற்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலோர்ம் வகுத்து 1945இல் வெளியிட்ட முறை அது. இளவயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பிறகு எடை தூக்கித் தேறியவர் அவர். இன்று வீரர்கள் பயிற்சிக் கூடங்களில் செய்யும் செட் கணக்கு, நோயாளிகளின் வார்டிலிருந்து அங்கே போனது என்பதை நினைத்தால், இரண்டு கிலோ டம்பெல்லை எடுக்கக் கூச்சப்பட்டது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

மூன்றாம் மாதத்தில் ஒரு தவறு செய்தேன். லெக் பிரஸ்ஸில் கடைசி இரண்டு முறை நகராமல் போகவே, மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி உந்தினேன். உந்தி முடித்து மூச்சை விட்டதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இயந்திரத்திலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று மிக உயரத்துக்கு ஏறி, மூச்சை விட்டதும் கீழே விழும். அதிக எடை தூக்கும் வீரர்கள் முதுகெலும்புக்குப் பிடிமானம் வேண்டி இதைத் தெரிந்தே செய்கிறார்கள். இதய நோயாளிக்கு அது ஆகாது. அன்று முதல் எடையை உந்தும்போது வாய்விட்டு எண்ணுகிறேன். எண்ணிக்கொண்டிருப்பவனால் மூச்சை அடக்க முடியாது.

பலன் தெரிந்தது படிக்கட்டிலும் நாற்காலியிலும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்பது மற்றொரு சோதனை. தொடக்கத்தில் 9, ஓராண்டில் 14, இப்போது 17. ஒரு பை நிறையச் சாமானுடன் இரண்டு மாடி ஏறும்போது முன்பு அட்டையில் 15 என்று சொல்ல வேண்டியிருந்தது; இப்போது 11. இதயம் அந்த அளவுக்கு வலுவாகிவிட்டது என்பதல்ல காரணம். எக்கோ பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லை. தொடை வலுத்ததால் ஒவ்வொரு படியும் அதன் உச்ச வலுவில் சிறு பங்கையே கேட்கிறது. இதயத்தின் மேல் விழும் சுமையும் குறைகிறது. நடையை மட்டும் சொல்லி எடைப் பயிற்சியைச் சொல்லாமல் விடும் ஆலோசனைகள் மேல் எனக்கு வருத்தம் உண்டென்றால் அது இதனால்தான்.

அக்கா மகளின் கணக்கு வேறு. அவள் தூக்குவது உச்ச எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல், நான்கைந்து முறை மட்டும். “மாமா, நீங்க அதே எடையையே எத்தனை மாசம் தூக்குவீங்க?” என்று கேட்பாள். அவளுக்குள்ள சிக்கல் எனக்கில்லாதது: இரண்டு பயிற்சியும் ஒன்றையொன்று இழுக்கும். ராபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் இரண்டையும் கடுமையாகச் சேர்த்துச் செய்தவர்களின் கால் வலு ஏழெட்டு வாரம் வரை கூடி, அப்புறம் இறங்கத் தொடங்கியது. மறுபுறம், 1999இல் பின்லாந்து ஆய்வாளர்கள், ஓட்டப் பயிற்சியில் ஒரு பகுதியைக் குறைத்துத் தாவல், வேக ஓட்டம் போன்ற வெடிப்பு வலுப்பயிற்சியை ஒன்பது வாரம் சேர்த்தவர்களுக்கு, ஆக்சிஜன் உச்சம் கூடாமலேயே 5,000 மீட்டர் நேரம் குறைந்ததைக் காட்டினார்கள். ஒரே மூச்சுக்கு அதிக தூரம் என்பதுதான் அங்கே லாபம். அவள் கடின ஓட்டத்துக்கும் எடைக்கும் இடையில் பல மணி நேரம் இடைவெளி விடுகிறாள். என் அளவில் இந்த இழுபறி தலைகாட்டவே இல்லை. நடை முடித்து பத்து நிமிடத்தில் டம்பெல்லைத் தொட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை.

சர்க்கரையைப் பொறுத்தவரை ஆரவாரமாகச் சொல்ல எதுவுமில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.1 சதவீதத்திலிருந்து 6.9க்கு வந்தது, ஆனால் இடையில் மருந்தும் மாறியதால் முழுப் புகழையும் பயிற்சிக்குக் கொடுக்க மாட்டேன். சுருங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதனாலேயே இன்சுலின் போடுபவர்களும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. நான்காம் மாதம் இரு தொடைகளிலும் விடாத வலி. பயிற்சியால் வரும் வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தணியும், இது தணியவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் தசை வலியைத் தரலாம் என்பதால் மருத்துவர், தசைச் சேதத்தைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையை மாற்றித் தந்தார். நான் அதுவரை அதைப் பயிற்சியின் பரிசு என்று பொறுத்துக்கொண்டிருந்தேன்! மற்றபடி, உட்புற நடை சலிப்பூட்டும். ரப்பர் பட்டை ஆண்டுக்கு ஒருமுறை அறுந்து கையில் சுளீர் என்று அடிக்கும். கண்காணிப்புக் காலம் முடிந்ததும் நம்மை நாமே பார்த்துக்கொள்ள விட்டுவிடுகிறார்கள். என்னோடு தொடங்கியவர்களில் பலர் அந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள்.

எல்லா நாள்பட்ட நோய்க்கும் இதுவே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. சிறு உழைப்புக்குப் பிறகும் நாள்கணக்கில் உடல் சரிந்துபோகும் மயால்ஜிக் என்செஃபலோமைலிட்டிஸ் நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைத் தரக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்களும், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தொடங்கக் கூடாது. பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுகினால் செட்டை முடிப்பது என்ற பேச்சே இல்லை.

சென்ற மாதம் ஆறாம் ஆண்டுச் சோதனை. அதற்கு முன் காய்ச்சலில் மூன்று வாரம் போயிருந்தது. கூம்புகளுக்கிடையே 525 மீட்டர் நடந்தேன். போன ஆண்டைவிட 30 குறைவு. நாற்காலியில் மட்டும் அதே 17. தாங்குதிறன் சீக்கிரம் கரையும், தசை வலு அவ்வளவு சீக்கிரம் கரையாது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அட்டையைப் பார்க்காமலே “13” என்றேன். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார், சொல்லி முடித்தேன். நோட்டில் எழுதிவிட்டு, இரண்டு வாரத்துக்கு 11க்கு மேல் போகாமல் நடக்கச் சொல்லி அனுப்பினார்.