அம்மம்மாவின் அப்பப்பாவைத் தேடி யாழ்ப்பாணத்தில்

இந்த முறை ஊருக்குப் போனபோது, கோயிலும் கலியாண வீடும் போக மிஞ்சிய நாட்களை ஒரே வேலைக்கு ஒதுக்கினேன். அம்மம்மாவின் அப்பப்பா வட்டுக்கோட்டை செமினரி என்ற பழைய மிஷன் கல்லூரியில் படித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் ஏதாவது பழைய புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. சொந்த ஊரின் வரலாற்றைத் தேடி அங்கே போய் நிற்கும்போது அந்த இழப்பு நெஞ்சைப் பிசைகிறது. உசாத்துணைப் பகுதியில் இருந்த பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய மிஷன் புத்தகம் என்றால் முதலில் நூலகம் இணையத்தளத்தில் பாருங்கோ ஐயா" என்றார். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மின்னூலகம் அது. ஈழத்துப் பழைய நூல்கள், மலர்கள், பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊரில் தேடப் போகிறவர்கள் விமானம் ஏறுமுன்பே அதில் ஒரு வாரம் உட்காரலாம்.

ஒரு பதிவு அலுவலகத்திலும் கேட்டுப் பார்த்தேன். பிறந்த ஆண்டு இல்லாமல் தேட ஏலாது என்றார் ஒருவர். படிவம் நிரப்பினால் தேடலாம் என்றார் இன்னொருவர். படிவமோ கடைசிவரை கிடைக்கவில்லை. என்னென்ன விவரம் வேண்டும் என்று வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினாலே வயதானவர்கள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டி வராது.

வழி காட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "வீட்டில் கூப்பிட்ட பெயரை மட்டும் வைத்துத் தேடாதேங்கோ" என்றார். 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட அந்தச் செமினரியை நடத்தியது அமெரிக்க மிஷன். படிப்புச் செலவுக்கு அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயரையே மாணவர் பலருக்கும் வைத்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை எல்லாரும் அங்கே படித்தவர்கள்தான். ஊர்ப் பெயர்களும் அந்தக் கால ஆங்கில நூல்களில் வேறு மாதிரி: வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா', உடுவில் 'ஊடுவில்'.

அப்புறம் வட்டுக்கோட்டையில் இருக்கும் பெரியம்மாவிடம் போய்க் கதைத்தேன். அந்த வீட்டு ஆண்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயரும் இருந்ததாகச் சின்ன வயதில் கேட்ட ஞாபகம் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரோடு மிஷனின் பழைய அறிக்கை ஒன்றில் மாணவர் பட்டியலைப் பார்த்தேன். அமெரிக்கப் பெயர், பக்கத்திலேயே எங்கள் ஆளின் பெயர், ஊர். பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

அம்மம்மாவின் அப்பப்பாவுடைய தகப்பனார் யார் என்பதை இனித் தேட வேண்டும். அது ஒல்லாந்தர் காலத்தை ஒட்டிப் போகும். அந்தக் காலத்து ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அடுத்த பயணத்தில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறுமுன் அங்கேதான் போகப் போகிறேன்.